எலும்பு தொடுவது எதை?

(தானா ராத்தாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மழையிலும் மண்டபம் நிறைந்திருக்கிறது. டைட்டானியம், அமிலம், மேற்பரப்பு என்று தலைப்பைப் பார்த்தாலே பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று ஏற்பாட்டாளர்களிடம் சொல்லியிருந்தேன். நீங்கள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது என்று இப்போது புரிகிறது. இந்த ஊரில் தேயிலைச் சரிவுகளில் ஆயுள் முழுக்க ஏறி இறங்கிய முழங்கால்களும் இடுப்புகளும் ஏராளம். ‘கம்பி வைத்திருக்கு’, ‘பிளேட் போட்டிருக்கு’ என்று சொல்லாத குடும்பம் எந்தத் தோட்டத்தில் இருக்கிறது? அந்தக் கம்பிகளில் பல இன்னமும் எஃகுதான். ஆனால் இடுப்பு மூட்டின் தண்டு, தாடையில் பதிக்கும் பல் வேர், சில எலும்புத் தகடுகள் எல்லாம் டைட்டானியத்துக்கு மாறிவிட்டன. டாக்டர் ‘டைட்டானியம்’ என்றதும் நாம் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதி எந்த அளவுக்குச் சரி என்பதைப் பேசத்தான் வந்திருக்கிறேன்.

இந்த உலோகத்தின் பிறப்பிடத்தைத் தேடித் தூரம் போக வேண்டாம். சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கினால் கிந்தா பள்ளத்தாக்கு. அங்கே வெள்ளீயத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கனமான கறுப்பு மணலை அமாங் என்பார்கள். அதில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த நாட்டிலும் அதே மணல் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையும், கொல்லத்தை அடுத்த சவராவும் அதற்குப் பேர்போனவை. 1791இல் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார் இப்படியொரு கறுப்பு மணலைச் சோதித்தபோதுதான் இந்தத் தனிமம் இருப்பதே தெரிந்தது. நான்காண்டு கழித்துக் கிளாப்ரோத் என்ற ஜெர்மானியர் அதற்குப் பெயர் வைத்தார். ஆனாலும் அதைத் தூய உலோகமாகப் பேரளவில் எடுக்க, லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் குரோல் 1930களில் வழி காணும்வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆக்சிஜனை அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் உலோகம் இது.

இன்றைக்கும் தோண்டியெடுக்கும் டைட்டானியக் கனிமத்தில் பெரும்பங்கு உலோகமாவதில்லை, வெள்ளை நிறமியாகிறது. இந்த மண்டபச் சுவரின் வெள்ளையும், காலையில் நீங்கள் பிதுக்கிய பற்பசையின் வெள்ளையும் பெரும்பாலும் டைட்டானியம் டை ஆக்சைடுதான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இன்றைய பேச்சின் கதாநாயகன் அந்த ஆக்சைடு.

ஏன் என்றால், உங்கள் எலும்பு டைட்டானியத்தை ஒருபோதும் தொடுவதில்லை. டைட்டானியத்தைக் கடைந்தாலும் வெட்டினாலும், புதிதாக வெளிப்பட்ட இடத்தில் காற்றுப் பட்ட கணமே ஆக்சைடுப் படலம் மூடிக்கொள்கிறது. அதன் தடிமன் சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்களவில் அப்படிப்பட்ட படலங்களைப் பத்தாயிரத்துக்கும் மேல் அடுக்கலாம். இரத்தம் நனைப்பதும் எலும்பு பற்றுவதும் அந்தப் படலத்தைத்தான். கீறினால் மறுபடி தானாக மூடிக்கொள்ளும். உப்பும் புரதமும் நிறைந்த உடம்புக்குள் பல பத்தாண்டுகள் இந்த உலோகம் அரிக்காமல் இருப்பதற்கு அதுவே காரணம். அடியில் இருக்கும் உலோகம் பாரத்தைத் தாங்குகிறது. எஃகைவிட எடை குறைவு, விறைப்பும் ஏறக்குறைய பாதி என்பதால் எலும்போடு கொஞ்சம் ஒத்துப்போகிறது. ஆனால் எலும்போடு உறவு வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்வது மேலே இருக்கும் அந்தப் படலம். அந்தப் படலத்தைத் தயார்செய்வது ஆலையில் இருக்கும் அமிலத் தொட்டியும் காரத் தொட்டியும். இதைத்தான் சொல்ல வந்தேன். மீதியெல்லாம் விளக்கம்.

எலும்பு டைட்டானியத்தை ஏற்கும் என்பது தற்செயலாகத்தான் தெரிய வந்தது. 1951இல் அமெரிக்க மருத்துவர் லெவன்தால் இதை அறுவைச் சிகிச்சைக்குப் பரிந்துரைத்து எழுதினார், அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரில் பெர்-இங்வார் பிரோனமார்க் என்ற ஆய்வாளர் முயலின் கால் எலும்புக்குள் இரத்தம் ஓடுவதைப் பார்ப்பதற்காக கண்ணாடி பொருத்திய ஒரு சிறு டைட்டானியப் பேழை செய்து பதித்திருந்தார். விலை அதிகம் என்பதால் கழற்றி மறுபடி பயன்படுத்த நினைத்தார். கழற்ற முடியவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துக்கொண்டுவிட்டது. 1965இல் முதல் நோயாளியின் தாடையில் பல் வேராக டைட்டானியத்தைப் பதித்தார். பல ஆண்டுகள் சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகம் ஏற்றுக்கொண்டது. இந்த மனிதரிடம் எனக்குப் பிடித்தது அவருடைய பிடிவாதம். பதிக்கும் பொருளை டைட்டானிய இடுக்கியால் மட்டுமே தொட வேண்டும், கையுறை படக்கூடாது, வேறு உலோகம் உரசக்கூடாது என்று விதி வைத்திருந்தார். மிகையான ஆசாரம் என்று அப்போது சிலர் சிரித்திருப்பார்கள். அது எவ்வளவு தேவையானது என்பதைச் சற்று நேரத்தில் பார்ப்போம்.

பிரோனமார்க் பல் வேராகப் பதித்த திருகுகள் கடைசல் இயந்திரத்திலிருந்து வந்தவை, ஏறக்குறைய வழவழப்பானவை. எலும்பு பற்றியது, ஆனால் மெதுவாக. கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் பாரம் ஏற்றாமல் காத்திருக்க வேண்டும். இதைச் சுருக்க முடியுமா என்ற கேள்விதான் அமிலத்தை உள்ளே கொண்டுவந்தது.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் டானியல் புசர் குழு 1991இல் குட்டைப் பன்றிகளின் எலும்பில் பல வகை மேற்பரப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அவற்றில் ஒன்று இப்படித் தயாரானது: முதலில் கால் முதல் அரை மில்லிமீட்டர் அளவுள்ள குருந்தத் துகள்களை டைட்டானியத்தின் மேல் வேகமாகப் பாய்ச்ச வேண்டும். அதில் இருபது முப்பது மைக்ரான் அகலப் பள்ளங்கள் விழும். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கொதிக்கும் குளியலில் சில நிமிடம் முக்க வேண்டும். பாய்ச்சியபோது சிக்கிய துகள்களை அமிலம் தளர்த்தி விடுவிக்கிறது. கூடவே, பெரிய பள்ளங்களுக்குள் ஒன்றிரண்டு மைக்ரான் அளவுள்ள குட்டிக் குழிகளை அரித்துவிடுகிறது. மின்முறையில் மெருகேற்றிய வழவழப்பான டைட்டானியத்தில் எலும்பு நேரடியாக ஒட்டிய பரப்பு 20 முதல் 25 விழுக்காடு. பாய்ச்சி அரித்த பரப்பில் அது 50 முதல் 60. ஒரே உலோகம், ஒரே பன்றி, ஒரே காலம். மேற்பரப்பைத் தயார்செய்த முறைதான் வேறு.

குழி ஏன் உதவுகிறது? எலும்பு தானாக நகர்ந்து வந்து உலோகத்தை அணைப்பதில்லை. முதல் நொடியில் தண்ணீரும் உப்பு அயனிகளும் மேற்பரப்பை அடைகின்றன. அடுத்து இரத்தப் புரதங்கள் ஒட்டுகின்றன. பிறகு இரத்தம் உறைந்து ஃபைப்ரின் இழைகள் வலையாக நிற்கின்றன. எலும்பு கட்டும் செல்கள் அந்த இழைகளைப் பிடித்து இழுத்துக்கொண்டே ஊர்ந்து வருகின்றன. இழுக்கும்போது இழை உலோகத்திலிருந்து பிய்ந்துவிட்டால் செல் பாதி வழியில் நின்றுவிடும். எலும்பும் பழைய எலும்பின் கரையிலிருந்து மெல்ல மெல்லத்தான் வளர்ந்து வர வேண்டும். இழை பிடிப்பாக நின்றால் செல் உலோகத்தின் மேலேயே வந்து உட்கார்ந்து அங்கேயே எலும்பு கட்டத் தொடங்கும். மிளகுக் கொடியை நட்டவர்களுக்கு இது தெரியும், வழவழப்பான குழாயைவிடப் பட்டை வெடித்த முள்முருங்கைதான் கொடிக்குத் தோது. அதற்காக எவ்வளவு சொரசொரப்போ அவ்வளவு நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். கோதன்பர்க் ஆய்வாளர்கள் ஆல்பிரெக்ட்சன், வென்னர்பெர்க் இருவரும் ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்துச் சொன்ன சராசரிச் சொரசொரப்பு அளவு ஒன்று முதல் இரண்டு மைக்ரான். அதற்கு மேல் போனால் எலும்புக்குக் கூடுதல் பலன் இல்லை, கிருமிக்கு இடம் கிடைக்கும்.

குழிகள் மட்டும் போதாது என்பது பிறகு தெரிந்தது. அமிலத்திலிருந்து வெளியே வந்த டைட்டானியம் தண்ணீரைப் பாய்ந்து ஏற்கும். ஆனால் காற்றில் வைத்தால் காற்றில் மிதக்கும் கரிமச் சேர்மங்கள் அதன்மேல் படிகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கிருமிநீக்கம் செய்தாலும் போகாது. அலமாரியில் சில வாரம் இருந்த பொருளின் மேல் துளி தண்ணீர் விட்டால் பரவாமல் முத்தாக நிற்கும். அப்படிப்பட்ட பரப்பில் புரதமும் செல்லும் குறைவாகவே ஒட்டுகின்றன. லாஸ் ஏஞ்சலிசில் ஒகாவா குழு 2009இல் இதை ‘டைட்டானியத்தின் மூப்பு’ என்றே எழுதியது. இதற்குச் சுவிட்சர்லாந்தில் கண்ட வழி எளிமையானது. அரித்து முடித்ததும் நைட்ரஜன் வாயுவுக்குள்ளேயே அலசி, உப்புநீர் நிரம்பிய குழாயில் மூடிவிடுவது. காற்றே படாது. புசர் குழு 2004இல் இதையும் பன்றிகளில் சோதித்தது. இரண்டாம் வாரத்தில் எலும்பு ஒட்டிய பரப்பு பழைய முறையில் 29 விழுக்காடு, உப்புநீரில் வைத்ததில் 49. நான்காம் வாரத்தில் 67, 82. எட்டாம் வாரத்தில் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிட்டது. விளம்பரத்தில் முதல் இரண்டு எண்கள் வரும். கடைசி விவரம் வராது. இந்த உப்புநீர் முறை தருவது வேகம். நல்ல எலும்பு உள்ளவருக்கு அவசரம் இல்லையென்றால் அந்த வேகத்துக்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டுமா என்பது யோசிக்க வேண்டியதே. சர்க்கரை நோயாளிக்கும் எலும்பு மெலிந்தவருக்கும் கணக்கு வேறாக இருக்கலாம்.

இதற்கிடையே ஜப்பானின் கியோட்டோவில் தடாஷி கோகுபோ என்ற ஆய்வாளரின் வழி அமிலத்துக்கு நேர் எதிர்த்திசையில் போனது. எரிசோடா என்று நாம் சொல்லும் சோடியம் ஹைட்ராக்சைடு. அதன் கடுங்கரைசலில் 60 டிகிரிச் சூட்டில் ஒரு நாள் ஊறவைத்து, பிறகு 600 டிகிரியில் ஒரு மணி நேரம் சுட்டால், மேற்பரப்பில் சோடியம் டைட்டனேட் என்ற நுண்துளைப் படலம் உண்டாகிறது. உடம்பின் நீரில் அது சோடியத்தை வெளியே விட்டு, எதிர்மின் ஏற்றம் பெறுகிறது. அந்த ஏற்றம் கால்சியத்தை இழுக்கிறது, கால்சியம் பாஸ்பேட்டை இழுக்கிறது. கடைசியில் எலும்பின் தாதுவான அப்படைட் அங்கேயே படிகிறது. கோகுபோவும் அவரோடு ஆய்வு செய்த கிம்மும் இதை வெளியிட்டது 1996இல். ஜப்பானில் இடுப்பு மூட்டுகளில் இது மருத்துவமனைப் பயன்பாட்டுக்கு வந்தது 2007இல். பதினோரு ஆண்டு! எரிசோடாவும் ஓர் உலையும் மட்டுமே கேட்கும் ஒரு முறைக்கு அவ்வளவு காலம் ஆனதே என்று சிலர் குறைபடுவார்கள். உடம்புக்குள் போகும் பொருளில் அவசரம் கூடாது என்பதால் எனக்கு அந்தத் தாமதம் பிடித்திருக்கிறது.

நம்மவர் பங்கு என்ன என்று கேட்பீர்கள். இந்தத் துறையில் உலகெங்கும் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படும் கட்டுரைகளில் ஒன்று, எலும்பு மருத்துவத்துக்கான டைட்டானியத்தைப் பற்றி 2009இல் வந்த தொகுப்புரை. அதை எழுதியவர்களில் முதலில் நிற்பவர் கீதா மணிவாசகம். சென்னையின் ஆர். அசோகமணி, ஐதராபாத் பாதுகாப்பு உலோக ஆய்வுக்கூடத்து அறிவியலர்கள் ஆகியோர் உடன் எழுதினார்கள். வேலூர் வி.ஐ.டி.யில் உயிரிப்பொருள் மையத்தை வளர்த்தவரும் கீதாதான். கொச்சி அம்ரிதா நிறுவனத்தில் திவ்யா ராணி, தீப்தி மேனன், சாந்திகுமார் நாயர் குழு, காரக் கரைசலில் டைட்டானியத்தை அழுத்தக் கலத்தில் வைத்துச் சூடாக்கி, நுண்ணூசி, வலை, இலை என்று வெவ்வேறு வடிவ நானோ அமைப்புகளை வளர்த்து ஒப்பிட்டது. எலும்பு அதிகம் விரும்பியது இலை வடிவத்தை என்று 2012இல் எழுதினார்கள். தேயிலை ஊரில் இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் ‘நானோ இலை’ என்பது அவர்களே வைத்த பெயர்.

தேயிலை என்றதும் ஞாபகம் வருகிறது. பேச்சு தொடங்குமுன் ஓர் அம்மா கேட்டார், ‘பல்லுக்கு டைட்டானியம் வச்சிருக்கேன் தம்பி, தேத்தண்ணி குடிக்கலாமா?’ என்று. கேலிக்குரிய கேள்வி இல்லை இது. டைட்டானியத்தின் ஆக்சைடை எளிதாகக் கரைக்கக்கூடியது ஃபுளூரைடு. ஆலைகளில் கடைசல் அழுக்கை நீக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை நைட்ரிக் அமிலத்தோடு கலந்து பயன்படுத்துகிறார்கள். முன்னது படலத்தைக் கரைக்கும், பின்னது ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து அதை நொறுங்கவைக்காமல் பார்த்துக்கொள்ளும். அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் வேலை செய்பவர்கள் கால்சியம் குளூக்கோனேட் களிம்பைக் கையெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். தோலில் பட்டால் ஃபுளூரைடு உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், இதயமே நின்றுவிடலாம். எலும்பின் கால்சியம் வந்து சேர வேண்டிய உலோகத்தைத் தயார்செய்வது கால்சியத்தின் இந்தப் பகையாளிதான். சரி, தேயிலைச் செடியோ மண்ணிலிருந்து ஃபுளூரைடை இழுத்து இலையில் சேர்க்கும் இனம். கொழுந்தில் குறைவு, முற்றிய இலையில் அதிகம். ஆனால் ஒரு லிட்டர் தேத்தண்ணீரில் இறங்குவது பொதுவாகச் சில மில்லிகிராம். அதன் புளிப்பும் மென்மையானது. அந்த நிலையில் ஃபுளூரைடில் நூற்றில் இரண்டு பங்குகூட அமில வடிவில் இருப்பதில்லை. ஜப்பானின் நாககாவா குழு 1999இல் காட்டியபடி, படலம் கெட வேண்டுமானால் அந்த அமில வடிவமே பத்து லட்சத்தில் முப்பது பங்குக்கு மேல் வேண்டும். ஆகவே அம்மா, நிம்மதியாகக் குடியுங்கள். பல் மருத்துவர் சொத்தையைத் தடுக்கப் பூசும் புளிப்பான ஃபுளூரைடு களி வேறு விஷயம். அதைப் பூச வரும்போது ‘எனக்கு டைட்டானியம் இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள்.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். 2000ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் சல்சர் ஆர்த்தோபீடிக்ஸ் நிறுவனம் தன் ‘இன்டர்-ஆப்’ என்ற இடுப்புக் கிண்ணத்தைத் திரும்பப் பெற்றது. டைட்டானியக் கலவையில் செய்த, நுண்துளை மேற்பரப்புள்ள கிண்ணம் அது. ஏறக்குறைய 17,500 பேர் உடம்பில் ஏற்கெனவே பதித்தாயிற்று. பலருக்கு மாதக்கணக்கில் இடுப்படியில் வலி, நடக்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் எல்லாம் இடத்தில் இருப்பதுபோலத் தெரிகிறது. மறுபடி திறந்து பார்த்தால் எலும்பு கிண்ணத்தைப் பற்றவே இல்லை, கையோடு வந்துவிடுகிறது. கடைசல் இயந்திரத்தின் எண்ணெய் எச்சம் மேற்பரப்பில் தங்கியிருந்தது என்று நிறுவனம் சொன்னது. பின்னால் தெரிந்தது இன்னும் முக்கியம். தயாரிப்பு முறையை மாற்றியபோது நைட்ரிக் அமிலக் குளியலை எடுத்துவிட்டிருந்தார்கள். படலத்தைச் சீராக்குவதற்கான குளியல் அது; ஆக்சைடு தானாகவே உண்டாகிறதே, தனியாக எதற்கு என்ற வாதத்தில் தவறில்லைதான். ஆனால் அந்தக் குளியல் யாரும் கணக்கில் எழுதாத இன்னொரு வேலையையும் செய்துகொண்டிருந்தது. எண்ணெயையும், அந்த எண்ணெயில் வளர்ந்த பாக்டீரியாக்களின் சிதைவுகளையும் கழுவிக்கொண்டிருந்தது. கிளீவ்லாந்தில் கிரீன்ஃபீல்ட் குழு பின்னர் செய்த ஆய்வுகளில், இந்த எண்ணெயும் சரி, பாக்டீரியா எச்சமும் சரி, எலும்புச் செல்களின் வேலையைத் தனித்தனியே கெடுப்பது தெரிந்தது. கிருமிகள் செத்துவிட்டன, கிருமிநீக்கம் சரியாகவே நடந்தது. செத்த கிருமியின் ஓடு போதுமானதாக இருந்தது. வழக்கு ஏறக்குறைய நூறு கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் மறுபடி அறுவைச் சிகிச்சை மேசையில் படுத்தார்கள்.

அங்கே உலோகத்தில் குறையில்லை. டாக்டர் கையிலும் குறையில்லை. பில்லில் ‘டைட்டானியம்’ என்றுதான் எழுதியிருந்தது. பிரோனமார்க்கின் டைட்டானிய இடுக்கியை இப்போது நினைத்துப் பாருங்கள்.

எலும்பு நன்றாகப் பற்றுவதே எப்போதும் நல்லதா என்று ஓர் ஐயா கையுயர்த்துகிறார். நல்ல கேள்வி. இல்லை. மூட்டுத் தண்டும் பல் வேரும் நிரந்தரம், பற்ற வேண்டும். முறிந்த எலும்பை ஒட்டவைக்கும் தகடும் திருகும் சில சமயம் கழற்றப்பட வேண்டியவை, குறிப்பாக வளரும் பிள்ளைகளுக்கு. அங்கே சொரசொரப்பான டைட்டானியம் வம்பு. எலும்பு தகட்டின் மேலேயே ஏறி வளர்ந்துவிடும், திருகைச் சுழற்றினால் தலை உடையும். தாவோஸ் நகரத்து ஆய்வாளர்கள் திருகுகளை வழவழப்பாக்கிப் பார்த்து, கழற்றுவது எளிதாவதைக் காட்டினார்கள். கையெலும்பில் தசைநாண் உரசும் இடத்திலும் வழவழப்பே நல்லது. ஊதா, பொன், நீலம் என்று சிலர் மருத்துவமனையில் காட்டும் வண்ணத் திருகுகளைப் பார்த்திருப்பீர்கள். அது சாயம் இல்லை. மின்சாரம் பாய்ச்சி ஆக்சைடுப் படலத்தைத் தடிக்கச் செய்தால் அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று குறுக்கிட்டு நிறம் காட்டும். வோல்ட்டை மாற்றினால் நிறம் மாறும். அளவை அடையாளம் காண மருத்துவர்களுக்கு அது வசதி, அவ்வளவுதான்.

இந்தக் குளியல்கள் நமக்குத் தூரத்து விஷயமும் இல்லை. பினாங்குத் தீவுக்கு எதிரே பத்து காவானில் இப்போது செயற்கை மூட்டுகள் தயாராகின்றன. நம் பிள்ளைகள் அங்கே அமிலத் தொட்டிகளுக்கு அருகே வேலைக்குப் போகிறார்கள். குளியலின் வெப்பத்தையும் நேரத்தையும் குறிக்கும் ஏட்டில் கையெழுத்துப் போடும் அந்த வேலையை ‘சும்மா ஆபரேட்டர்’ என்று வீட்டில் யாரும் குறைத்துச் சொல்ல வேண்டாம். மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவச் சாதனச் சட்டப்படி இத்தகைய பொருள்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும். ஆகவே உங்கள் உடம்பில் வைப்பது எது என்று கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

என்ன கேட்பது? பொருளை வைக்கும்போது அதன் பெட்டியில் ஒட்டுச்சீட்டுகள் இருக்கும். நிறுவனத்தின் பெயர், மாதிரி, தயாரிப்புத் தொகுதி எண் அதில் உண்டு. ஒரு சீட்டை உங்கள் மருத்துவக் கோப்பில் ஒட்டுவார்கள். இன்னொன்றைக் கேட்டு வாங்கி அடையாள அட்டையோடு வையுங்கள். 2000இல் சல்சர் கிண்ணம் திரும்பப் பெறப்பட்டபோது, யார் உடம்பில் எந்தத் தொகுதி என்று தேடுவதற்கு உதவியது இந்த எண்கள்தான். வேறொரு பயனும் உண்டு. இங்கே சுல்தானா ஹாஜா கல்சோம் மருத்துவமனையிலோ, ஈப்போவிலோ, கோலாலம்பூரிலோ பத்து வருஷம் கழித்து அந்தத் தகட்டைக் கழற்ற வேண்டி வந்தால், மருத்துவர் முதலில் கேட்பது எந்த நிறுவனத்தின் திருகு என்றுதான். அது தெரியாமல் திறந்தால், அந்தத் தலைக்குப் பொருந்தும் திருப்புளி மேசையில் இருக்காது.